வாடாவுக்கும் வாங்கவுக்கும் நடுவில் ஒரு மலை

என் மாப்பிள்ளை எனக்கு ஒன்றுவிட்ட அக்காவின் மகன். அக்கா வாழ்க்கைப்பட்டது அரியலூரில். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், அவன் பெரம்பலூரில் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். நான் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் கல் சூடேறும் நேரத்தில் எங்கிருந்தாலும் வந்து நிற்பான். "வாடா" என்பேன். "இருடா, மொத பரோட்டா ஒனக்குத்தான்" என்பேன். மீசை முளைத்து, ஐ.டி.ஐ. படித்து, ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீசியனாக வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அது காரணமா, பிறவிக் குணமா தெரியாது, எனக்கு ஆட்களிடம் பேச வராது. பரோட்டா வேலை பிடித்துப்போனதே அதனால்தான். சாப்பிட வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைப் பார்த்து நின்றால் போதும். கேட்பதற்கு "ம்" சொன்னால் போதும். நான் கூச்சமில்லாமல் பேசிய ஆட்களை எண்ணினால் என் மனைவி, என் மகள், அப்புறம் அவன். அதற்கு மேல் ஆள் கிடையாது.

அவனும் என் மகளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் யாருக்கும் மறுப்பில்லை. நிச்சயதார்த்தத்தன்று அக்கா வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமெல்லாம் வேன் வைத்து வந்து இறங்கியது. பந்தலுக்கு வெளியே அவன் வெயிலில் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தான். "டேய், உள்ள வாடா. மூஞ்சி கறுத்துடும்" என்று நான் சத்தம் போட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"தம்பி, நேத்து வரைக்கும் அவன் ஒனக்கு அக்கா மவன். இன்னையிலேருந்து மாப்ள. நாலு பேரு இருக்கிற எடத்துல வாடா போடான்னா எங்க வூட்டு சனம் என்னா நெனைக்கும்? வாங்க போங்கன்னு சொல்லிப் பழகு."

அவள் சொன்னது நியாயம்தான். பழகவும் செய்தேன். கல்லில் பரோட்டாவைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அதைப் பார்த்து "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று முணுமுணுத்துப் பார்த்தேன். பரோட்டாவிடம் சொல்ல வந்தது. அவனிடம் வரவில்லை. அதுவும் எங்கள் ஓட்டலுக்கு வருகிற பொடியன்கள் எல்லாரும் ஒருத்தனை ஒருத்தன் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுத்தான் சால்னாவுக்குச் சண்டை போடுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு அவர்கள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போதுதான் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். தமிழில் ஆளைத் தொடாமலே பேச முடியும். "சாப்புடுறியா" என்றும் கேட்க வேண்டாம், "சாப்புடுறீங்களா" என்றும் கேட்க வேண்டாம். "சாப்பாடு ஆயிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும். "எப்ப வந்தே" வேண்டாம், "எப்ப வந்தீங்க" வேண்டாம். "பஸ்ஸு கூட்டமா?" என்றால் வந்த விஷயமும் அதிலேயே அடங்கிவிடும். "உக்காரலாமே." "கை கழுவத் தண்ணி இருக்கு." "நேரமாவுதே." இப்படியே கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டேன். ஆனால் இப்படிப் பேசுவது பெரிய வேலை. ஒவ்வொரு பேச்சையும் வாய்க்குள்ளேயே பிசைந்து, உருட்டி, தட்டிப் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். அலுத்துப்போய் நாளாவட்டத்தில் பேச்சையே விட்டுவிட்டேன்.

இதை எழுதும்போதும் அதே சங்கடம்தான். கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வருவதால் இப்போதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன்.

தலை தீபாவளிக்கு அவர் வந்தபோது ஓட்டலில் கூட்டம் அதிகம் என்று சொல்லி இரண்டு நாளும் கல்லடியிலேயே நின்றுவிட்டேன். பொங்கலுக்கு வந்தபோது கரும்பு வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, டவுனெல்லாம் சுற்றி, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்து சேர்ந்தேன். கரும்பு வாங்கிவர மறந்துவிட்டேன்.

சித்திரை கடைசியில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஒன்னு கேக்குறேன். ஒனக்கு அவரப் புடிக்கலயா?"

"என்னா பேச்சு இது."

"பின்ன ஏன் பேச மாட்டேங்கிற? முன்னல்லாம் அவரோட சேந்தா வூடே அதிரும். இப்ப அவரப் பாத்தா செவுத்தப் பாக்குற. அவரு மனசுல என்னா இருக்குன்னா, பொண்ணக் குடுத்துட்டு மாமா வருத்தப்படுறாரு போலன்னு. ஆடிக்கு அழைக்க வந்தா நீ மட்டும் போயிட்டு வா, நான் வரலன்னுட்டாரு."

கல்யாணமான முதல் ஆடிக்கு மகளை மட்டும் அழைத்து வந்து, மாப்பிள்ளைக்கு விரித்த பாய் காலியாகக் கிடந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஊர் கேட்பது இருக்கட்டும். முதல் பரோட்டா தின்ன பையன் என் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான், அதுவும் என்னால்.

"அடுத்த செவ்வாக்கெழம அவருக்கு லீவு. பட்டாம்பூச்சி படம் புடிக்க பச்சமலைக்குப் போறோம். நீயும் அம்மாவும் வரணும். அத்தையும் வர்றாங்க. மலையில ஓட்டலும் இல்ல, கரும்புக் கடையும் இல்ல. அங்க எங்க ஓடுவேன்னு பாக்குறேன்" என்றாள்.

ஓட்டல் முதலாளி லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் லீவு கேட்டேன். "மலைக்கா? மாஸ்டர், பதினஞ்சு வருஷமா இந்தக் கல்ல விட்டு நகந்ததில்ல நீங்க. போங்க, மாஷா அல்லா, போயிட்டு வாங்க" என்றார். இத்தனை 'நீங்க, வாங்க' கேட்டதும் நான் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

அரும்பாவூர் வழியாக மலையாளப்பட்டி போகிற பஸ்ஸில் ஏறினோம். அதிகாலை என்பதால் கூட்டமில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்து நின்றார்.

"பக்கத்துல உக்காரட்டுமா மாமா?"

"காலியாத்தான் இருக்கு" என்றேன்.

முன் சீட்டிலிருந்து மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மலையாளப்பட்டி வரும் வரைக்கும் நான் சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அறுவடை முடிந்த சோளக் காட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு நாள் நல்ல கோடை மழை பெய்திருந்தது. அடிவாரத்தில் இறங்கியதும் மண்வாசனையும் அதோடு ஏதோ ஒரு பூவின் வாசனையும் சேர்ந்து அடித்தது. நுணாப்பூ என்றாள் என் மனைவி. வனத்துறைக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தி, பீடி தீப்பெட்டி இருக்கிறதா, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே ஊருக்குப் போகிற பழைய பாதையை விட்டு விலக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

பாதையின் தொடக்கத்திலேயே கொன்றை மரங்கள். இலை ஒன்றுகூட இல்லை. மஞ்சள் சரம் சரமாகத் தொங்கி, கீழேயும் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. அதை மிதித்துப் போகவே கால் கூசியது.

"இதப் பாக்கவா பஸ்ஸு ஏறி வந்தோம்? எங்கூரு ரயிலடியில கொட்டிக் கெடக்குதே" என்றாள் அக்கா. அவள் கையில் புளிச்சோற்றுத் தூக்கு. புதுச்செருப்பு வேறு கடித்துக்கொண்டிருந்தது.

"அங்க இருக்கறப்ப நீ நின்னு பாத்தியாம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"ரயிலப் புடிக்கிறதா, பூவப் பாக்குறதா?"

கொஞ்ச தூரம் ஏறியதும் வெயில் மரங்களுக்கு மேலே நின்றுவிட்டது. வெட்பாலை மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. புதருக்குள் காட்டுமல்லி இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத்தான் தெரிந்தது. மழைக்கு முளைத்த புல்லுக்கு நடுவே தரையை ஒட்டி மஞ்சள் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னப் பூக்கள். நிலப்பனை என்றார் மாப்பிள்ளை. ஒரு பூவின் மேல் நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்தது. அவர் போனை நீட்டிக்கொண்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டார்.

"எந்தச் சாமிக்குடா வுழுந்து கும்புடுற?" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் எறும்பு போவதைப் பார்க்க ஓட்டல் வாசலில் இப்படித்தான் படுத்துக் கிடப்பான். 'அன்னைக்கும் இப்புடித்தான்டா படுத்துக் கெடப்ப' என்று சொல்லத் தோன்றியது. அதை ஆள் இல்லாத பேச்சாக மாற்றப் பார்த்தேன். "ஒரு காலத்துல எறும்பெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலே வரவில்லை. "எறும்பு ஜாஸ்தியா இருக்கு" என்று முடித்துவிட்டேன். அக்கா பதறிப்போய்ச் சேலையை உதறினாள்.

சருகுக்குள் கோழி கிளறுகிற சத்தம் கேட்டது. நின்று பார்த்தால் காட்டுச் சேவல். ஓட்டலில் தினம் எத்தனையோ கோழியைப் பார்க்கிறவன் நான். கோழிக்கு இத்தனை நிறம் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதருக்குள் ஓடியது. மாஸ்டரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டது என்றாள் என் மனைவி. அதற்கப்புறம் பன்றி தோண்டிப் போட்ட குழிகள், பாறை மேல் வெயில் காய்ந்த உடும்பு, அத்திமர உயரத்தில் ஏதோ கத்திக்கொண்டே போன கிளிக்கூட்டம். கரடி வருமா என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். வராது என்றால் அவள் முகம் கொஞ்சம் வாடியது போலத்தான் இருந்தது.

மேலிருந்து ஒரு மலைக்காரப் பெண் தலையில் பலாப்பழத்தோடு இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்ததும் பழத்தை ஒரு பாறையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள்.

"எந்தக் கோயிலுக்குப் போறீங்க?"

"கோயிலுக்கு இல்லம்மா. பூ, பட்டாம்பூச்சி பாக்க வந்தோம்" என்றாள் மகள்.

"அதுக்கா இம்மாந்தூரம்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து மாப்பிள்ளையைக் காட்டி, "இவரு மகனா?" என்று கேட்டாள்.

"மாப்ள" என்றேன். அதாவது அவளிடம் சொன்னேன். அந்த வார்த்தை அன்றைக்கு அந்த வழியாகத்தான் வெளியே வந்தது.

"மாப்ளயா? ரெண்டு பேரும் பேசாமயே வர்றீங்க. ஏதும் மனத்தாங்கலா?"

பழத்தைத் தூக்கித் தலையில் வைக்க மாப்பிள்ளை கைகொடுத்தார். அவள் இறங்கிப் போனாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அதற்கு மேல் பாதை ஒரு பாறையை ஒட்டிச் செங்குத்தாக ஏறியது. மாப்பிள்ளை முதலில் ஏறினார். நான் அவருக்குப் பின்னால். ஏறுவதற்குப் பிடிமானமாகப் பக்கத்துப் புதரில் இருந்த ஒரு கிளையை நோக்கி வலது கையை நீட்டினார். அந்தக் கிளைக்கு ஒரு சாண் தள்ளி, அதே பச்சையில், அதே தடிமனில் இன்னொரு கிளை இருந்தது. அதற்குக் கண் இருந்தது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது 'டேய்' ஆக இருந்திருக்கலாம், 'மாப்ள' ஆக இருந்திருக்கலாம். என் வாய் இரண்டையும் விட்டுவிட்டுப் பழக்கப்பட்ட வழியில் போயிற்று.

"கைக்குப் பக்கத்துல ஒன்னு இருக்கறாப்புல இருக்கு" என்றேன்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். என் மனைவி இரண்டு கையையும் உதறினாள். மாப்பிள்ளை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு கைக்கு?" என்றாள் மகள்.

"மேல இருக்கிற கைக்கு."

"எது மேல? என்னா இருக்கு?" என்றாள் அக்கா.

"பச்சையா."

"என் வளையலா?" என்றாள் என் மனைவி.

அதற்குள் மாப்பிள்ளையே அதைப் பார்த்துவிட்டார். பதறவில்லை. மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு ஓரடி கீழே இறங்கினார். "பச்சப் பாம்பும்மா. ஒன்னும் செய்யாது" என்றார்.

"கண்கொத்திடா அது. கண்ணப் பாத்துதான் கொத்தும்" என்று அக்கா இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டே, "போயிடுச்சா? எவ்ளோ நீளம்? எனக்குக் காட்டு" என்றாள்.

பாம்பு யாரையும் சட்டை செய்யவில்லை. காற்றில் ஆடுகிற கொடி மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தனை மெல்லிசாக, அத்தனை பச்சையாக ஒரு உயிரை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை படம் பிடித்தார். மகள் என் பக்கத்தில் வந்து காதோடு, "பாம்பு கடிக்க வந்தாக்கூட அவரக் கூப்புட மாட்டியாப்பா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மலையில் சத்தமே இல்லாததால் அது எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளை போனைப் பையில் போட்டுவிட்டு மேலே ஏறினார்.

ஓடை ஒன்று குறுக்கிட்ட இடத்தில் நிழலான பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழைத் தண்ணீர் கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. புளிச்சோறு நன்றாகத்தான் இருந்தது. வறுத்த மோர்மிளகாயும் இருந்தது. ஆனால் அக்காகூடப் பேசாமல் சாப்பிட்டாள். மாப்பிள்ளை என் மகளிடம், "போதும், கீழ போவோம். வெயிலு ஏறுது" என்றார். மேலே பெரிய மரங்கள் இருக்கின்றன, போய்ப் பார்ப்போம் என்று காலையில் சொன்னவர் அவர்தான்.

தூக்கைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். தப்பி ஓட எனக்கு ஒரு தூக்குச்சட்டி போதும். ஓடையில் தண்ணீர் தேங்கிய இடம் தேடி, வளைவில் கொஞ்சம் கீழே இறங்கினேன். தூக்கைக் கழுவி நிமிர்ந்தேன். எதிர்க்கரை மணல்திட்டில் இடுப்புயரத்துக்குச் செடிகள். கிலுகிலுப்பைச் செடிதான், சின்ன வயதில் காயைப் பறித்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டி விளையாடுவோமே, அது. போன மழைக்காலத்துச் செடி, வெயிலில் முழுக்கக் காய்ந்து நின்றது. ஆனால் ஒவ்வொரு கொம்பிலும் கறுப்புக் கறுப்பாக இலை.

காய்ந்த செடியில் எப்படி இத்தனை இலை என்று யோசித்துக்கொண்டே ஓடையைத் தாண்டி ஒரு கொம்பைத் தொட்டேன். காய்களெல்லாம் கிலுகிலு என்று சத்தம் போட்டன. இலைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

பட்டாம்பூச்சிகள். கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும். ஒரு செடியிலிருந்து எழுந்ததும் அடுத்த செடியிலிருந்தும் எழுந்தன. அப்படியே திட்டு முழுக்க. என் தலைக்கு மேலே, கைக்கு நடுவே, முகத்தில் காற்றுப் படுகிற மாதிரி. ஒன்று என் சட்டைப் பையில் உட்கார்ந்தது. எண்ணெய் பிசுக்கு ஏறி வெளுக்காத என் விரலில் இன்னொன்று வந்து உட்கார்ந்து, சின்ன முடி மாதிரி எதையோ நீட்டி விரலை நக்கிப் பார்த்தது.

நான் எதையும் பிசையவில்லை, உருட்டவில்லை.

"டேய்" என்று கத்தினேன். "டேய், ஓடியாடா. சீக்கிரம் ஓடியா. செருப்ப உட்டுட்டு ஓடியாடா, இங்க வந்து பார்றா."

எதிர் மலை "பார்றா" என்றது.

பாறை மேலே கல் உருளுகிற சத்தம். அவன் ஓடி வந்தான். நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தான். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சத்தமில்லாமல் வரட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, சத்தம் முழுக்க நான்தான் போட்டேன். போனையும் மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஓடைக்கு நடுவில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது.

"எம்மாங் கூட்டம்டா, பாத்தியா?" என்றேன்.

"நானும் பல தடவ வந்துருக்கேன் மாமா. ஒரு நாளும் இப்புடிப் பாத்ததில்ல. எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

"சட்டி கழுவ வந்தேன்டா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கினான். குதிகாலில் முள். "கால காட்றா" என்றேன். "ஐயோ வேணாம் மாமா, கால எல்லாம் நீங்க..." என்று பின்னால் நகர்ந்தான். "காட்றாங்கிறேன்." பாறையில் உட்காரவைத்து, காலை என் மடியில் தூக்கி வைத்து, சட்டை ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் மற்ற மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். அவன் கால் என் மடியில். அவன் தலையில் ஒரு பட்டாம்பூச்சி.

மகள் கையில் அவன் போன் இருந்தது. படம் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பூச்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி செடியில் இறங்கி உட்கார்ந்தன. காய்ந்த செடியிலிருந்து அவை ஏதோ சாறு எடுக்கும், இந்த மாதிரி கூட்டத்தில் ஆண் பூச்சிகள்தான் அதிகம் இருக்கும் என்று அவன் சொன்னான்.

"ஆம்பளயெல்லாம் இங்கயும் டீக்கட போட்டாச்சா?" என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்தாள். "தம்பி, என்னா சொல்லிக் கத்துன நீ?"

நான் ஊக்கைச் சட்டையில் குத்தப் பார்த்தேன். குத்துகிற இடம் கிடைக்கவில்லை.

"மாமா என்னைய டேய்னு கூப்புட்டது நிச்சயதார்த்தத்தன்னைக்கு. அதுக்கப்பறம் இன்னைக்குத்தான்" என்றான் அவன்.

"ஒங்கம்மாதான் கூப்புடாதன்னா" என்றேன்.

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "நீயாம்மா சொன்ன?"

"நாலு பேரு இருக்கிற எடத்துல வேணாம்னு சொன்னேன். ஒரேயடியா வாய மூடிக்கன்னா சொன்னேன்? அட கூறுகெட்ட தம்பி, வூட்டுக்குள்ள நீ அவன என்னான்னு கூப்புட்டா எனக்கென்னா?"

"நீங்க மட்டும் சம்பந்திய கூறுகெட்டவன்னு சொல்லலாமா அண்ணி?" என்றாள் என் மனைவி.

"அவன் எனக்குத் தம்பிடி."

"ஒங்க தம்பிக்கு இவரு மருமவன். அதுக்கு என்னா சொல்றீங்க?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்க நாலு பேரு எங்க இருக்கா, எல்லாம் பூச்சிதான். கூப்புட்டுத் தொலையட்டும்" என்றாள்.

அன்றைக்கு மேலேயும் போனோம். அந்தப் பெரிய மரங்களையும் பார்த்தோம். எறும்பு கதையை இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. "நெசமாவா மாமா? வாசல்லயா? ஆளுங்க தாண்டிப் போவாங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவ்வளவு நாளும் அடைத்துவைத்த பேச்சு, சும்மா இருக்குமா. வேர்வை வழிய வழியப் பேசினேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இவன் பேசாம இருந்தப்பவே தேவல போலருக்கு" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

இறங்கும்போது பாதையில் ஆள் வருகிற சத்தம் கேட்டால் போதும், அவன் என்னை நிறுத்தி, "மாமா, நாலு பேரு வர்றாங்க, வாய மாத்துங்க" என்பான். ஆடு ஓட்டி வந்தவர் கடந்து போனதும், "போயிட்டாங்க மாமா, வாடா போடலாம்" என்பான். ஒரு வளைவில் ஆண்மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு பாதையைக் கடந்தது. அதற்கு மரியாதை தரணுமா என்று கேட்டான்.

அடிவாரத்து டீக்கடையில் நிஜமாகவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலாப்பழக்காரப் பெண்ணும் பழத்தை விற்றுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்த்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மாப்ள, டீ சாப்புடுறீங்களா, பாலா?" என்றேன்.

அது தானாக வந்தது. கல்லைப் பார்த்து அத்தனை நாள் பழகியும் வராதது. வாடா திரும்பி வந்ததும் அதன் பின்னாலேயே வாங்கவும் வந்துவிட்டது. அந்தப் பெண், "சண்ட தீந்துருச்சா?" என்று கேட்டாள். "அங்க எடுத்த முள்ளோட போயிடுச்சும்மா" என்றான் அவன்.

ஆடிக்கு அழைக்க நானே அரியலூர் போனேன். போன வேகத்திலேயே அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மகளை வீட்டில் விட்டுவிட்டு அவன் நேரே ஓட்டலுக்கு வந்தான். சாயங்கால நேரம். பஸ் ஸ்டாண்டு கூட்டம் முழுக்க உள்ளேதான் இருந்தது. முதலாளி கல்லாவில் இருந்தார். நான் திரும்பி நின்று, சாப்பிடுகிறவர்கள் பக்கம் முகத்தைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாங்க மாப்ள, இப்புடி உக்காருங்க" என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டருக்குக் குரல் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஈட்டின் முதல் பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் அடித்து உதிர்த்து, அவன் இலையில் வைத்தேன். வைக்கும்போது குனிந்து, "சூடு ஜாஸ்தியா இருக்குடா, பாத்துத் தின்னு" என்றேன்.